உதடில்லாத பாத்தி

குழந்தைவேலின் கோரைப்பல் பூண்டோடு பூண்டாக மண்ணுக்குள் போனது ஐப்பசி இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்டும் வெயில் வராத நேரத்தில். அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்றாலும், இன்றைக்கு எங்கள் கரடிச்சோலையில் யாரைக் கேட்டாலும் தான் அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்ததாகத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில் பஸ் போய்த் திரும்பும் கடைசி ஊர். அதற்கு மேல் காடும் மேகமும்தான். இங்கே வீடு இருந்தால் வீட்டை ஒட்டித் தோட்டம் இருக்கும், தோட்டம் இருந்தால் ஐப்பசியில் அதில் பூண்டு இருக்கும். சிட்டம்மாள் வீட்டுத் தோட்டத்தில் ஆறு பாத்தி. முந்தின நாளே முழுப்பூண்டுகளை உடைத்து, சொத்தையைத் தள்ளி, நடுவிலிருக்கும் ஒல்லிப் பல்லைக் குழம்புக்கு ஒதுக்கி, வெளிவட்டத்துப் பருத்த பல்லை மட்டும் விதைக்கு எடுத்து, சாணிக் கரைசலில் உருட்டி, முறத்தில் பரப்பிக் கூரை இறவாரத்தின் கீழே உலர வைத்திருந்தாள். அந்த முறத்தில்தான் விஷயம் நடந்தது.

அவள் புருஷன் குழந்தைவேல் திங்கட்கிழமை தேனிச் சந்தைக்குப் பழைய பூண்டை விற்கப் போய்விட்டு வந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு இறங்கினார். உள்ளங்கையில் அவருடைய மேல்வரிசைக் கோரைப்பல் வேரோடு கிடந்தது. அடிபடவில்லை, சொத்தையும் இல்லை, எதையோ கடித்தபோது கையோடு வந்துவிட்டது, அவ்வளவுதான். எதைக் கடித்தீர்கள் என்று கண்டக்டர் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, அவர் எதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில், ஐம்பத்தாறு வயது ஆள், சின்னப் பிள்ளைக்குப் பால்பல் விழுந்தால் செய்வதைப் போல அந்தப் பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தார். அந்தக் காலத்துப் புல் கூரை என்றால் பல் அங்கேயே தங்கியிருக்கும். இது தகரம். பல் சரிவில் உருண்டு வந்து, இறவாரத்தின் கீழே இருந்த முறத்தில், சாணி பூசின நானூறு பற்களுக்கு நடுவே நானூற்று ஒன்றாவது பல்லாக விழுந்தது. குழந்தைவேல் திரும்பிப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சிட்டம்மாள் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குந்தியபடியே நட்டாள். கூர்முனை மேலே, வேர்ப்பக்கம் கீழே, நாலு விரல் இடைவெளி, ரெண்டு விரல் ஆழம், ஒரு பல், ஒரு அழுத்து, அடுத்த பல். மூன்றாவது பாத்தியின் மேற்கு ஓரத்தில் ஒரு பல் மட்டும் கைக்குக் கொஞ்சம் கனமாகப் பட்டது என்றும், நல்ல விதை என்று நினைத்து அதைச் சற்று ஆழமாகவே அழுத்தினேன் என்றும் பிற்பாடு அவளே சொன்னாள். நட்டு முடித்துக் காய்ந்த பெரணி இலையை மேலே பரப்பிவிட்டு, கை கழுவக்கூட உட்காராமல், அடுத்த வேலைக்கு எழுந்து போனாள்.

உட்கார முடியாதவள் சிட்டம்மாள். ஐந்து வருஷமாக அப்படித்தான். கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவுவாள், கூட்டின வாசலை மறுபடி கூட்டுவாள், களையே இல்லாத பாத்தியில் களை தேடுவாள், சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டே சாப்பிடுவாள். அதற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் கிடையாது.

நர்ஸ் வேலைக்குத் தேனிக்குப் போன அவர்களுடைய ஒரே மகள், அங்கே ஒரு லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக எடுத்த போட்டோவைத் தபாலில் அனுப்பியிருந்தாள். சிட்டம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினாள். ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினாள், ஊர் பார்க்க வாசலில் நின்று சொன்னாள்:

“இனி இந்த ஊருல எந்த வாயில அவ பேரு வந்தாலும், அந்த நிமிசமே என் வாயில மண்ணு விழட்டும்.”

சண்டையில் யாரும் சொல்கிற பேச்சுதான். ஆனால் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அது பேச்சு இல்லை, சத்தியம். வாயில் மண் விழுகிற நாள் எது என்று எங்களுக்குத் தெரியும், குழிக்குள் படுக்க வைத்துத் தள்ளுகிற நாள் அது. ஆகவே அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் பெயரை நாங்கள் சொல்வதில்லை. அதே பெயருள்ள ரேஷன் கடைக்கார அக்காவுக்கு வெறும் ‘ரேஷன் அக்கா’ என்று பெயராகிவிட்டது. பஸ்ஸில் கூடையோடு வந்து சரம் விற்கிறவர்கூட எங்கள் ஊர் வளைவு வந்ததும் “மல்லி, மல்லி” என்று மட்டும்தான் கூவுவார். நானும் அதற்கென்று உள்ள இடம் வரும்வரை சொல்லப்போவதில்லை.

சிட்டம்மாளே அதிகம் மாட்டிக்கொண்டாள். பூண்டு என்று சொல்ல வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே அவளுக்குத் தொண்டை நின்றுவிடும். “பூ” என்பாள், அங்கேயே நிற்பாள், பிறகு “சரக்கு” என்பாள். பூண்டு விளைகிற ஊரில் பூண்டு என்ற சொல் இல்லாமல் ஐந்து வருஷம் ஒரு பொம்பளை காலம் தள்ளினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் ஒவ்வொரு வருஷமும் அறுவடையில் நல்லதாகப் பொறுக்கி ஒரு கட்டு தனியாகக் கட்டி, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் தொங்கவிடுவாள், விற்கவும் மாட்டாள், குழம்புக்கும் தொடமாட்டாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பூண்டு வேண்டும் என்பது எங்களூரில் ஆம்பளைக்குக்கூடத் தெரியும். அந்தக் கட்டு யாருக்கு என்று கேட்டால் எலிக்கு என்பாள்.

குழந்தைவேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிறவியிலேயே பேச்சுக் கம்மி, மகள் போன பிறகு அதுவும் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார் என்று சும்மா சொல்வோமே, அவர் நிஜமாகவே கடித்துக்கொண்டிருந்தார். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் நறநறவென்று கேட்கும். மனுஷனுக்கு மகள்மேல் அவ்வளவு கோபம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்து, பூண்டு ஒரு சாண் வளர்ந்து, பனி இறங்க ஆரம்பித்த ஒரு காலையில், இலை நுனியில் உறைந்தது உருகிச் சொட்டுகிற ஒன்பதரை மணிக்கு, மூன்றாவது பாத்தியின் மேற்கு ஓரத்தில் அந்த நறநற சத்தம் கேட்டது. சிட்டம்மாள் பெருச்சாளி என்று நினைத்துக் கம்பை எடுத்துக்கொண்டு போனாள். மற்றதைவிட ஒரு விரல் உயரமாக நின்ற ஒரு பூண்டுச் செடியின் அடியிலிருந்து சத்தம் வந்தது. குனிந்தாள். மண் அவளுடைய புருஷன் குரலில், தெளிவாக, அவசரமில்லாமல், “கரிக்கிது” என்றது. சற்று நேரம் கழித்து, “இருக்கட்டு…” என்றது.

சிட்டம்மாள் கம்பைக் கீழே போட்டாள். முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, ரோஷம்.

“எந்தக் கொழம்பு கரிச்சிச்சு? என்னைக்கு?” என்று பாத்தியைப் பார்த்துக் கேட்டாள்.

பாத்தி மறுபடி நறநறவென்றது, அவ்வளவுதான். அன்று மதியம் குழந்தைவேலுக்கு உப்பில்லாமல் குழம்பு ஊற்றினாள், அவர் அதையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அதே ஒன்பதரைக்கு வேலியோரம் போன ராயப்பனைப் பார்த்து, பாத்தி “தண்ணியத் திருடாத” என்றது. ஓடைத் தண்ணீரை முறை மாற்றித் தன் தோட்டத்துக்குத் திருப்பிவிடுவது ராயப்பன் பன்னிரண்டு வருஷமாகச் செய்கிற காரியம், அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. ராயப்பன் நின்றார், தோட்டத்தில் ஆள் இல்லை என்பதைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார், நேரே ஓடைக்குப் போய்க் கல்லை நகர்த்தி வைத்துவிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் போய்விட்டது. குழந்தைவேலின் பல் தகரத்தில் உருண்டதும் முறத்தில் விழுந்ததும் எங்களுக்குள் பேசிப் பேசி அன்றைக்கே துலங்கிவிட்டது. பல் நட்டால் பூண்டு, பூண்டுக்குள் பல், அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றார்கள் பெரும்பாலானவர்கள். ஆச்சரியமெல்லாம், வாயே திறக்காத மனுஷன் இத்தனையையும் உள்ளே வைத்திருந்தாரே என்பதில்தான்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. ஒன்பது மணிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற பெண்கள் கேனோடு வேலியோரம் நின்றார்கள். உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கப் போகிறவர்கள் சுற்றுவழியாக அந்தப் பக்கம் போனார்கள். குழந்தைவேலோடு எப்போதாவது உரசினவர்களெல்லாம், நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறாரோ என்று தினமும் ஒருமுறை வந்து காதைக் கொடுத்தார்கள், ஒன்றும் வராவிட்டால் நிம்மதியாகவும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் திரும்பினார்கள். குழந்தைவேலோ ஒன்பது மணி ஆனால் தலைத்துணியைக் காது மறையக் கட்டிக்கொண்டு மேல்காட்டுக்கு ஏறிவிடுவார்.

பாத்தி பேசுவதில் ஒரு குறை இருந்தது. சில இடங்களில் சொல் ஓட்டை விழுந்து வரும், பொக்கை வாயில் காற்று போகிற மாதிரி ஒரு ஃபூ சத்தம்கூட இல்லாமல், வெறும் இடைவெளியாக. பஞ்சாயத்துத் தலைவர் பழனியாண்டி நேரில் வந்து நின்றபோது “தலை…ர்” என்றது, பிறகு “இந்த ஆளுக்கா கை தட்டினேன்” என்றது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், தலைவர் சிரிக்கவில்லை. நடுநிலைப் பள்ளி எஸ்தர் டீச்சர்தான் நாலு நாள் வந்து நின்று, ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி, விடுபட்ட எழுத்துகளை வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ப, ம, வ. இந்த மூணும்தான் வரல. ப-வுக்கும் ம-வுக்கும் ரெண்டு உதடும் ஒட்டணும். வ-வுக்கு மேல்பல்லும் கீழ் உதடும் சேரணும். இங்க இருக்கிறது பல்லு மட்டும்தான. உதடு இல்லாத வாய்ல அதெல்லாம் எப்படி வரும்?”

அது நியாயமாகத்தான் இருந்தது. அன்று முதல் உதட்டெழுத்தைப் போட்டுக் கேட்கப் பழகிக்கொண்டோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக்கி, நாள் முழுக்க ப, ம, வ இல்லாமல் பேசித் திரிந்தார்கள். அம்மாவைக் கூப்பிட முடியாமல் தோற்றுப்போனார்கள்.

மார்கழியில் ஒரு நாள், பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலியோரம் நிற்க, சிட்டம்மாள் பாத்தியில் இல்லாத களையைப் பிடுங்கிக்கொண்டிருக்க, அவள் காலடியில் மண் சொன்னது: “அந்த …ச்சைச் சீலை. அழகி.”

ராயப்பன் மனைவி லூர்தம்மாள் ப, ம, வ என்று ஒவ்வொன்றாக விரல்விட்டுப் போட்டுப் பார்த்தாள். “மதினி, பச்சைச் சீலை. நீங்க மறுவீட்டுக்கு வந்தப்ப கட்டியிருந்தீகள்ல, அதான்.”

“அது எங்க இப்ப? கரித்துணியாகி எத்தனையோ வருசமாச்சு,” என்றாள் சிட்டம்மாள்.

“சொன்னதுக்கு ஒரு பதிலச் சொல்லுங்க மதினி, பாவம் காத்துக்கிட்டு இருக்காரு.”

சிட்டம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பனி என்றாள். அன்றைக்கு அவள் அந்தச் செடிக்கு மட்டும் இரண்டு தடவை தண்ணீர் விட்டாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் வாசலில் நின்று சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இந்த மனுஷன் கடித்து விழுங்கியிருக்கிறார் என்று எங்களுக்கே வருத்தமாக இருந்தது, கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன பெண்கள் தங்கள் புருஷன்மார்களின் வாயை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அதன் பலனாக ஊரில் ஆடிக்கொண்டிருந்த பல்லுக்கெல்லாம் விமோசனம் வந்தது. நாலு பேர் நூல் கட்டி இழுத்தார்கள், இரண்டு பேர் கீழே போய் டாக்டரிடம் பிடுங்கிக் கையோடு கேட்டு வாங்கி வந்தார்கள். எல்லாவற்றையும் சாணியில் உருட்டி முறைப்படி கூர்முனை மேலே வைத்து நட்டார்கள். ஒன்றுகூட முளைக்கவில்லை. டீக்கடை சோணையன் பல் மண்ணிலேயே மட்கிப்போனது, அவருக்குத்தான் வாயில் எதுவும் தங்காதே, நினைத்ததை நினைத்த இடத்தில் கொட்டிவிடுகிறவர். கடித்து வைத்தது இருந்தால்தான் முளைக்கும் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தோம், ஓட்டைப் பல்லோடு திரிந்தவர்கள் கொஞ்ச நாள் வெளியில் சிரிக்காமல் இருந்தார்கள்.

தைப் பிறப்புக்கு முன்னால் தலைவர் பழனியாண்டி கோவில் முன்னால் கூட்டம் போட்டார். ஒரு பாத்தியால் ஊர் வேலை கெடுகிறது, யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அந்த ஒரு செடியைப் பிடுங்கிவிடுவது என்று அவருடைய எண்ணம். குழந்தைவேல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் மெல்லத் தலையாட்டினார், பிடுங்கிவிடலாம் என்று. அவர் கையில் சின்னக் களைக்கொத்துகூட இருந்தது. அவர் எதற்கோ பயப்படுகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

சிட்டம்மாள் நின்றபடியே பேசினாள். “தை பிறக்கலை. பனி குடிக்காம சரக்கு பல்லாப் பிரியாது. இப்பப் பிடுங்கினா வெங்காயம் கணக்கா ஒத்தையா இருக்கும். வெளையாததப் பிடுங்கச் சொல்ல எந்தத் தலைவருக்கும் அதிகாரம் இல்ல. என் தோட்டம், என் சரக்கு.”

பூண்டு விஷயத்தில் அதற்கு மேல் எங்களூரில் பேச்சில்லை. தலைவரும் பூண்டுக்காரர்தான். கூட்டம் கலைந்தது, குழந்தைவேல் களைக்கொத்தை மடியில் செருகிக்கொண்டு கடைசி ஆளாக எழுந்து போனார்.

அவர் பயந்தது தை ஐந்தாம் தேதி வந்தது. அன்றைக்கு வேலியோரம் கூட்டம் இல்லை, லூர்தம்மாளும் எஸ்தர் டீச்சரும் மட்டும் இருந்தார்கள். பாத்தி வெகுநேரம் நறநறவென்று அரைத்தது, முன்பு எப்போதும் இல்லாத மாதிரி மண் மேலே லேசாக அதிர்ந்தது. பிறகு, “தேனி. சந்தை. கண்டேன்” என்றது.

சிட்டம்மாள் கையிலிருந்த வாளி சாய்ந்து தண்ணீர் வரப்பில் ஓடியது.

“கை நிறைய …ளையல்,” என்றது மண்.

உதட்டெழுத்தை யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கை நிறைய வளையல். கல்யாணமான பெண்ணுக்குக் கை நிறைய யார் அடுக்குவார்கள், எப்போது அடுக்குவார்கள். சிட்டம்மாள் விரலை மடக்கினாள். ஐப்பசியில் ஏழு என்றால் கார்த்திகை எட்டு, மார்கழி ஒன்பது, இப்போது தை.

“அ… நல்லா இருக்காளான்னு கேட்டா,” என்றது மண் கடைசியாக.

அம்மா நல்லா இருக்காளா. எஸ்தர் டீச்சர் அதை நோட்டில் எழுதப்போய், எழுதாமல் மூடி வைத்தார்.

மத்தியானம் குழந்தைவேல் மேல்காட்டிலிருந்து இறங்கியபோது சிட்டம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

“அவளப் பாத்தீங்களா? பாத்துட்டு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அப்படி என்ன கல்லு மனசு உங்களுக்கு?”

அவர் வாயைத் திறந்தார். பல் போன இடம் கறுப்பாகத் தெரிந்தது. ஏதோ சொல்ல உதட்டைக் குவித்தவர், அவளைப் பார்த்ததும் டக்கென்று தாடையை இறுக்கினார், அந்த நறநற கேட்டது. பிறகு குனிந்து வாசல் மண்ணைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து, அவள் வாய்க்கு நேரே காட்டி, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மண்ணைத் தூர எறிந்தார். இரண்டு கையாலும் அவள் தலையை ஒரு தரம் தொட்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, சேதி கேட்டு ஓடிவந்து வேலிக்கு இப்பால் நின்ற எங்களுக்கும் புரிந்தது. அவர் கோபத்தில் பல்லைக் கடிக்கவில்லை. அந்தப் பெயர் வாய்தவறி வந்துவிட்டால் இவள் வாயில் மண் விழுந்துவிடும் என்று பயந்து, ஐந்து வருஷம் இரவும் பகலும் அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தேனிச் சந்தையில் மகள் எதிரே வந்து நின்று அம்மாவைக் கேட்டபோது பெயர் பல்வரை வந்துவிட்டது, அவர் கடித்த கடியில் பெயர் நின்றது, பல்தான் வெளியே வந்தது. சிட்டம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நாங்கள் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

ஆனால் அடுத்த நிமிஷம் எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அடுப்புக்கும் பாத்திக்குமாக நடந்தாள். அடுப்புக்கு மேலே தொங்கிய பூண்டுக் கட்டை இறக்கித் தூசி தட்டினாள், மறுபடி தொங்கவிட்டாள், மறுபடி இறக்கினாள். பஸ் வருகிற சத்தம் கேட்டால் வளைவுவரை ஓடினாள், பஸ் திரும்பிப் போகும்வரை நின்றாள், திரும்பி வந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மகளிடம் போக வேண்டும், போனால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் சத்தியம் பலித்துவிடும். சாவுக்கு அவள் பயப்படவில்லை, அவள் செத்தால் இந்த மனுஷன் ஐந்து வருஷம் கடித்ததெல்லாம் வீணாகிவிடும் என்றுதான் பயந்தாள். அதை லூர்தம்மாளிடம் அவளே சொல்லி அழுதாள்.

பாத்திதான் ஒரே வழி என்று நாங்கள் நினைத்தோம். பாத்தி வாயில்லாதது. எந்த வாயில் வந்தாலும் என்றுதானே சத்தியம். அது ஒருமுறை சொல்லிவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடும் என்று எங்களூர்ப் பூசாரியும் சொன்னார், ராயப்பன் போய்க் கேட்டதற்குப் பாதிரியாரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். பாத்தியும் அந்தப் பெயருக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. தினமும் ஒன்பதரைக்கு “என்” என்று ஆரம்பிக்கும். பிறகு நறநற என்று அரைக்கும். பிறகு வெறும் இடைவெளி, நீண்ட இடைவெளி, ஒரு எழுத்துகூட இல்லாமல். பிறகு மறுபடி “என்”. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும், பனி காயும், கலைந்து போவோம். பத்து நாள், பதினைந்து நாள், தை முழுக்க இப்படியே போனது. பூண்டு இலைகள் நுனியில் மஞ்சளாக ஆரம்பித்தன.

“அதால முடியாது,” என்றார் எஸ்தர் டீச்சர் ஒரு நாள். நோட்டில் அந்தப் பெயரை எழுதி, எழுத்தெழுத்தாக வட்டம் போட்டு, எங்களிடம் சத்தமில்லாமல் காட்டினார். ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல் எல்லா எழுத்தையும் சுற்றி வட்டம் இருந்தது. “முழுக்க உதட்டெழுத்து. உதடு இருக்கிற யாராச்சும்தான் சொல்லணும்.”

யார் சொல்வது. சொன்னால் மண் விழுவது இன்னொருத்தி வாயில். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், எங்கள் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டோம்.

மாசி மூன்றாம் தேதி காலை, அந்தச் செடி கழுத்து மடிந்து தரையில் சாய்ந்துவிட்டது. பூண்டு விளைந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் மண்ணில் விட்டால் அழுகும். குழந்தைவேல் அன்று மேல்காட்டுக்குப் போகவில்லை, வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர் முழுக்க நின்றது. சிட்டம்மாள் பாத்தியைச் சுற்றி மூன்று தடவை நடந்தாள். பாத்தி “என்” என்றது, அரைத்தது, நின்றது.

சிட்டம்மாள் மண்டி போட்டாள். பிறகு கையை ஊன்றி, முகத்தைத் தாழ்த்தி, சாய்ந்து கிடந்த செடியின் அடியில், மண்ணில், வாயை வைத்தாள். வைத்தாள் என்றால் தொட்டாள் என்று அர்த்தமில்லை. வாயைத் திறந்து ஈர மண்ணை ஒரு வாய் நிறையக் கவ்வினாள். அவள் என்ன செய்கிறாள் என்று எங்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் லூர்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் மண் விழட்டும் என்றுதானே சத்தியம். விழுந்துவிட்டது. முதலிலேயே விழுந்துவிட்டது. இனி அதற்கு எதிர்பார்க்க ஒன்றும் பாக்கி இல்லை.

“பூ” என்றாள் சிட்டம்மாள், மண் வாயோடு.

ஐந்து வருஷமாக அவள் நிற்கிற இடம் அது. அங்கே நிற்பாள், பிறகு சரக்கு என்பாள். நாங்கள் காத்திருந்தோம். அவள் நிற்கவில்லை.

“பூவம்மா” என்றாள்.

எஸ்தர் டீச்சர் பிற்பாடு சொன்னார், நடுவில் இருக்கும் அந்த வ-வில் மட்டும் இரண்டு குரல் கேட்டது என்று, பல் மண்ணுடையது, உதடு அவளுடையது. எனக்கு அவ்வளவு நுணுக்கமாகக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் ஒரு தாய் மகளைக் கூப்பிட்டது மட்டும்தான். அவள் மறுபடி கூப்பிட்டாள், மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். பாத்தி அதற்குப் பிறகு அரைக்கவில்லை, இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை.

சிட்டம்மாள் அந்தச் செடியைப் பிடித்து இழுத்தாள். கைப்பிடி அளவு முழுப்பூண்டு, வெள்ளையும் ஊதாவுமாக, பல் பிரிந்து இறுகி இருந்தது. அதில் எது பூண்டுப் பல், எது அந்தப் பல் என்று யாரும் உடைத்துப் பார்க்கவில்லை.

குழந்தைவேல் வேலியைத் தாண்டி வந்தார். தாடை தளர்ந்து, முகமே வேறு ஆளுடையதாக இருந்தது. அவர் கையில் அடுப்புக்கு மேலே தொங்கிய கட்டு, கரிப்புகை ஏறி, தயாராகத் துணிப்பையில் இருந்தது, எப்போது எடுத்து வைத்தாரோ. பேசுவார் என்று எல்லோரும் பார்த்தோம், ஐந்து வருஷத்துப் பேச்சு, என்னவெல்லாம் சொல்லப்போகிறாரோ என்று.

“பூவம்மாளுக்குப் பொம்பளப் புள்ள. இன்னையோட பத்தொன்பது நாளு. நம்ம சரக்கு வாங்குற தேனி மண்டிக்காரர் போன்ல சொன்னாரு,” என்றார். பிறகு, “பஸ்ஸு ரெண்டு மணிக்கு,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அந்தப் பச்சைச் சீலை இல்லாட்டி வேற ஏதாச்சும் நல்லதாக் கட்டு,” என்றார்.

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயைக் கொப்புளிக்கச் சொல்லி நீட்டினார். அவள் வாங்கிப் பாத்திக்கு ஊற்றிவிட்டாள். ரெண்டு மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம், மடியில் அந்தப் பூண்டுப் பையோடு, அவள் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வளைவுவரை கூடவே நடந்தோம், ரேஷன் கடைக்காரப் பூவம்மா அக்காதான் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். பஸ் கிளம்பும்போதும் சிட்டம்மாளின் உதட்டில் மண் ஒட்டித்தான் இருந்தது. துடைத்துக்கொள் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை.